பினாங்குக்குப் புதிதாக வந்த தம்பிக்கு, அகராதி பற்றி

தம்பி, பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் சேர்ந்து இரண்டு மாதம் ஆகிறது, எல்லா ஆங்கிலச் சொல்லுக்கும் கைப்பேசியில் தமிழ்ப் பொருள் பார்த்தும் மீட்டிங்கில் வாய் வரவில்லை, எந்த அகராதி நல்லது என்று கேட்டிருந்தீர்கள். 2008இல் நான் வந்து இறங்கியபோது எனக்கும் இதே கவலைதான்.

தமிழ்ப் பொருள் தெரிந்தால் படிப்பது புரியும். பேசுவதற்கு அது போதாது. ஆங்கிலம் கற்பவர்களுக்கென்றே எழுதிய அகராதி வேண்டும். ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ், லாங்மேன் மூன்றும் இணையத்தில் இலவசமாகப் பார்க்கலாம். நான் லாங்மேனைத்தான் சொல்வேன். விளக்கங்களைச் சுமார் 2000 எளிய சொற்களுக்குள் எழுதியிருக்கிறார்கள். ஒரு சொல்லின் பொருளைப் பார்க்கப் போய் இன்னும் நாலு சொல்லைத் தேட வேண்டியிருக்காது.

'டிஸ்கஸ்' என்று தேடிப் பாருங்கள். பொருள் உங்களுக்கே தெரியும். அதோடு மூடிவிடாமல் கீழே இருக்கும் வாக்கியங்களைப் படியுங்கள். 'டிஸ்கஸ் தி ப்ராப்ளம்' என்றுதான் இருக்கும், நடுவில் 'அபௌட்' வராது. 'அதைப் பற்றிப் பேசினோம்' என்று தமிழில் நினைப்பதால் நாம் அதைச் சேர்த்துவிடுகிறோம். ஒரு வருடம் முழுக்க மின்னஞ்சல்களில் நான் அப்படியே எழுதினேன், யாரும் திருத்தவில்லை. அதே மாதிரி 'அட்வைஸ்', 'எக்விப்மென்ட்' பக்கத்தில் 'அன்கவுண்டபிள்' (எண்ண முடியாதது) என்றோ அதன் சுருக்கமாக 'யு' என்றோ குறித்திருக்கும். அந்தச் சொற்களுக்குப் பின்னால் 'எஸ்' போடக் கூடாது. அப்புறம், ஒலிபெருக்கிப் படத்தைத் தொட்டுக் கேட்டு, வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். மனதுக்குள் சொன்னால் நாக்குக்குப் பழகாது.

மீட்டிங் நடுவில் மட்டும் தேடாதீர்கள், பேச்சு கை நழுவிவிடும். காதில் விழுந்த மாதிரி தமிழ் எழுத்திலேயே குறித்துக்கொண்டு இரவில் பாருங்கள். ஒரு நாளைக்கு மூன்று சொல் போதும்.

இங்கத்திய ஆங்கிலத்துக்கு இந்த அகராதிகள் அவ்வளவாக உதவாது. ஒரு மழை நாளில் உடன் வேலை செய்த அக்கா 'ஐ சென்ட் யூ' என்றார். எங்கே அனுப்புகிறார் என்று குழம்பி நின்றேன். வண்டியில் வீட்டில் கொண்டுவிடுகிறேன் என்பதைத்தான் அப்படிச் சொல்லியிருக்கிறார். மலாயில் அனுப்புவதற்கும் கொண்டுபோய் விடுவதற்கும் 'ஹந்தார்' என்ற ஒரே சொல். 'ஐ ஃபாலோ யூ' என்றாலும் கூட வருகிறேன் என்றுதான் அர்த்தம். அது மலாய் 'ஈக்கூட்'. இப்படி ஏதாவது காதில் விழுந்தால் சொன்னவரிடமே கேளுங்கள், இங்கே யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். மலாய்ச் சொல்லுக்கு, மலாய் மொழிக்கான அரசு நிறுவனமான டேவான் பஹாசா டான் புஸ்தாகாவின் இணைய அகராதி இருக்கிறது. அதுவும் இலவசம்தான்.