பில்லை யார் பேசுவது?

வணக்கம் டாக்டர்,

சில ஆண்டுகள் ஒரு பெரிய மருத்துவமனையில் வேலை பார்த்துவிட்டு, போன வருடம் சொந்தமாகக் கிளினிக் தொடங்கினேன். நாயும் பூனையும்தான் அதிகம். கூட்டத்துக்குக் குறைவில்லை. ஆனால் ரிசப்ஷனில் ஆள் நிற்பதில்லை. மூன்றாவதாக வந்த பெண்ணும் போன வாரம் வேலையை விட்டுவிட்டார். கெட்டிக்காரர், பிராணிகள் என்றால் உயிர். சம்பளத்தைக் கூட்டித் தருகிறேன் என்றும் சொல்லிப் பார்த்தேன். "டெய்லி திட்டு வாங்க முடியல டாக்டர்" என்றார். பில்லைப் பார்த்ததும் சிலர் கத்துகிறார்கள் என்பது உண்மைதான். எனக்குப் பணம் பேச வராது, அதனால் அதை எப்போதும் ரிசப்ஷனிடமே விட்டுவிடுவேன். நிர்வாகப் படிப்பு ஏதாவது படிக்கலாமா? அந்தப் பெண்ணைத் திரும்பக் கூப்பிடலாமா?

(பெயர் வெளியிட வேண்டாம்)

அன்புள்ள டாக்டர்,

காரணத்தைப் போகிற போக்கில் நீங்களே எழுதிவிட்டீர்கள். "எனக்குப் பணம் பேச வராது" என்பதுதான் அது. வைத்தியத்தை ஒருவர் சொல்லி, அதற்கு ஆகும் செலவை இன்னொருவர் சொன்னால், நன்றியெல்லாம் முதல் ஆளுக்கும் வசவெல்லாம் இரண்டாம் ஆளுக்கும் போகும். உங்களுக்கே வராத பேச்சை, உங்களைவிடக் குறைந்த சம்பளமும் அதிகாரமும் உள்ள ஒருவரைப் பேச வைக்கிறீர்கள். அவர் ஏன் நிற்பார்?

ஒரு கேஸை எடுத்துக்கொள்வோம். ஆண் பூனை. மண்தட்டில் போய்ப் போய் உட்காருகிறது, ஒரு சொட்டு வரவில்லை. மலச்சிக்கல் என்று நினைத்து வீட்டில் ஒரு நாள் பார்த்திருப்பார்கள். வயிற்றைத் தொட்டதும் சிறுநீர்ப்பை உங்கள் கையில் கெட்டியாகத் தட்டுப்படுகிறது. சிறுநீர்ப் பாதை அடைத்திருக்கிறது. ரத்தத்தில் பொட்டாசியம் ஏறி இதயம் நின்றுபோகலாம், காத்திருக்க நேரமில்லை. "உடனே அட்மிட் பண்ணணும்" என்கிறீர்கள். அழுதுகொண்டே தலையாட்டுகிறார்கள். மயக்கம், கதீட்டர், டிரிப்ஸ், ரத்தப் பரிசோதனை, இரண்டு மூன்று நாள் தங்கல். பூனை பிழைத்துக்கொள்கிறது. கூட்டிப்போக வருகிறவரிடம் முதன்முதலாக ஒரு தொகையைச் சொல்வது உங்கள் ரிசப்ஷன் பெண். கத்தல் அங்கேதான் தொடங்குகிறது. பெரும்பாலும் அது கஞ்சத்தனம் இல்லை. அந்தத் தொகையை அவர் எதிர்பார்க்கவே இல்லை.

பரிசோதனை மேஜைக்குப் பக்கத்தில் நின்று அன்றே நீங்கள் சொல்லியிருக்க வேண்டியது இது: "அடைப்பை எடுத்தால் பிழைக்க நல்ல வாய்ப்பு இருக்கு. குறைஞ்சது இவ்வளவு ஆகும், சிக்கலானா இவ்வளவு வரை போகும். ஒருமுறை அடைச்ச பூனைக்குத் திரும்பவும் அடைக்கலாம், அப்போ மறுபடி செலவு. உங்களால எவ்வளவு முடியும்னு கூச்சப்படாம சொல்லுங்க, அதுக்குள்ள என்ன செய்யலாம்னு பார்ப்போம்." ஒரு நிமிடப் பேச்சு, அவ்வளவுதான். அதை எழுதிக் கையெழுத்து வாங்கி, ஒரு நகலை ரிசப்ஷனுக்கு அனுப்புங்கள். செலவு மேல் வரம்பை நெருங்கினால், தாண்டும் முன்பே போன் செய்யுங்கள். நீங்களே.

பெரிய மருத்துவமனையில் பழகியவர்களுக்கு, எல்லாப் பரிசோதனையும் எல்லா வசதியும் சேர்ந்ததுதான் வைத்தியம் என்று மனதில் பதிந்துவிடுகிறது. அதற்குக் கீழே பல படிகள் உண்டு. தங்க வைக்க வசதியில்லாதவருக்கு அடைப்பை மட்டும் எடுத்து, வலிமருந்து கொடுத்து, உள்ள ஆபத்தை ஒளிக்காமல் சொல்லி, மறுநாள் வரச் சொல்வது ஒரு படி. அதற்கும் வழியில்லாதபோது கருணைக்கொலையும் வைத்தியம்தான். அடைப்போடு வீட்டுக்கு அனுப்புவது மட்டும் எந்தப் படியிலும் சேராது.

தள்ளுபடியிலும் இதே கதை. ரிசப்ஷன் பெண் முழு பில்லுக்காக மல்லுக்கட்டிக்கொண்டிருக்கும்போது, நீங்கள் அறையிலிருந்து எட்டிப் பார்த்து, "சரி விடுங்க, பாதி போதும்" என்பீர்கள். (இல்லை என்று சொல்லாதீர்கள். நம் தொழிலில் இதைச் செய்யாத ஆள் அபூர்வம்.) அந்த நொடியில் நீங்கள் தெய்வம், அவர் ராட்சசி. கத்தினால் குறையும் என்று வந்தவரும் கற்றுக்கொள்கிறார். இரக்கப்பட வேண்டாம் என்று சொல்லவில்லை. மாதம் இவ்வளவு என்று ஒரு தொகையை அதற்காகவே ஒதுக்குங்கள். யாருக்குக் கொடுப்பது என்பதில் ரிசப்ஷனுக்கும் அதிகாரம் இருக்கட்டும். காத்திருக்கும் இடத்தில் நடப்பதெல்லாம் அவர்கள் கண்ணில்தான் படுகிறது. யார் உண்மையிலேயே முடியாமல் நிற்கிறார் என்று அவர்களுக்கு நம்மைவிட நன்றாகத் தெரியும்.

கருணைக்கொலை நாளில் இன்னும் கவனம் வேண்டும். படிவம், பணம், உடலை என்ன செய்வது என்ற பேச்சு, எல்லாம் ஊசிக்கு முன்பே முடிந்துவிட வேண்டும். இல்லையென்றால் பில்லைச் சில நாள் கழித்து அனுப்புங்கள். கழுத்துப்பட்டையை மட்டும் கையில் பிடித்தபடி வெளியே வருகிறவரிடம் "கார்டா, கேஷா?" என்று கேட்கும் நிலையில் யாரையும் வைக்காதீர்கள். உயிர் போனாலும் கண் மூடாது, கடைசியில் ஓரிரு முறை மூச்சு இழுப்பதுபோல் தெரியலாம், சிறுநீர் போகலாம் என்பதையெல்லாம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். சொல்லாவிட்டால், "அப்போ இன்னும் உயிர் இருந்துச்சா?" என்ற கேள்வி நாலு நாள் கழித்து ரிசப்ஷன் போனுக்குத்தான் வரும். அப்புறம் ஒரு சின்ன வேலை: கம்ப்யூட்டரில் அந்தப் பிராணி இறந்துவிட்டது என்று அன்றே குறித்துவிடுங்கள். "உங்கள் செல்லத்துக்குத் தடுப்பூசி நாள் வந்துவிட்டது" என்று இரண்டு மாதம் கழித்து குறுஞ்செய்தி போய், அதற்கு வரும் அழுகையையும் ஏச்சையும் கேட்கப்போவது யார்?

திட்டு வாங்குவதற்கென்றே ஆள் வைத்தால் யாரும் தங்கமாட்டார்கள். பிராணியைக் காப்பாற்றுவதிலும் பங்கு கொடுங்கள். போனுக்குப் பக்கத்தில் ஒரு தாள் ஒட்டுங்கள்: சிறுநீர் போகாத ஆண் பூனை, வாயைத் திறந்து மூச்சு வாங்கும் பூனை, தெரியாமல் பாராசிட்டமால் கொடுத்துவிட்ட பூனை, வயிறு உப்பி, குமட்டியும் வாந்தி வராத பெரிய நாய். இப்படி எது வந்தாலும் அவர் உங்கள் கதவைத் தட்டலாம், நீங்கள் முகம் சுளிக்கக் கூடாது. உதவியாளர்களுக்கு, மான்ட்ரியல் பல்கலைக்கழகத்தில் உருவாகி 2019-இல் வெளியான பூனையின் முகத்தைப் பார்த்து வலியை அளக்கும் அளவுகோலைச் (Feline Grimace Scale) சொல்லிக்கொடுங்கள். காது, கண், மூக்கு-வாய்ப் பகுதி, மீசை, தலையை வைத்திருக்கும் விதம் என ஐந்தைப் பார்த்து ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 2 வரை மதிப்பெண் போட வேண்டும். 10-க்கு 4 வந்தாலே வலிமருந்தைப் பற்றி யோசிக்க வேண்டும். உதவியாளர் வந்து "அஞ்சு இருக்கு டாக்டர்" என்றால் எழுந்துபோய்ப் பாருங்கள். "நான் அப்பவே பார்த்தேனே" என்று சொல்லி உட்கார்ந்துவிட்டால், அடுத்த முறை அவர் வரமாட்டார்.

இனி திட்டில் ஒரு பங்கு உங்கள் பக்கம் திரும்பும். அதை லேசாக எடுத்துக்கொள்ளச் சொல்லமாட்டேன். அமெரிக்காவில் 1979 முதல் 2015 வரை இறந்த கால்நடை மருத்துவர்களைப் பற்றிய ஆய்வு 2019-இல் வந்தது. தற்கொலையால் இறந்தவர்களின் விகிதம், பொதுமக்களோடு ஒப்பிட்டால், ஆண் மருத்துவர்களிடம் 2.1 மடங்காகவும் பெண் மருத்துவர்களிடம் 3.5 மடங்காகவும் இருந்தது. மனம் கனத்தால் உடன் படித்தவர்களோடு பேசுங்கள், மனநல மருத்துவரைப் பார்க்கவும் யோசிக்காதீர்கள்.

துக்கத்தில் கத்துபவர் வேறு, வரும்போதெல்லாம் கேவலமாகப் பேசுபவர் வேறு. முதல் ஆளுக்கு நாற்காலியும் தண்ணீரும் கொடுங்கள். இரண்டாம் ஆளுக்கு மருத்துவக் குறிப்புகளின் நகலைக் கொடுத்து வேறு டாக்டரைப் பார்க்கச் சொல்லுங்கள். அதையும் நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

நிர்வாகப் படிப்பு கணக்குக்கும் மருந்து இருப்புக்கும் உதவும், நேரமிருந்தால் சேருங்கள். அந்தப் பெண்ணைக் கட்டாயம் கூப்பிடுங்கள். ஆனால் இந்த முறை சம்பளத்தில் ஆரம்பிக்காதீர்கள். பில்லை இனி நீங்களே பேசப்போகிறீர்கள் என்று முதலில் சொல்லுங்கள். நம்பவில்லை என்றால் ஒரு மாதம் பார்த்துவிட்டு முடிவு செய்யட்டும்.