பாழடைவதற்கு முன் அந்த டைனர் எப்படி இருந்தது?

கேள்வி: தனி ஆளாக ஒரு கணினி விளையாட்டை உருவாக்கி வருகிறேன். அணு ஆயுதப் போர் முடிந்து பல பத்தாண்டுகள் கழிந்த அமெரிக்காவில் கதை நடக்கிறது. அதன் முக்கியக் களம் ஒரு சாலையோர டைனர், அதாவது கவுண்டர் முன் உட்கார்ந்து சாப்பிடும் அமெரிக்கச் சிற்றுணவகம். 1950-களின் மக்கள் கனவு கண்ட எதிர்காலத்தின் சாயல் அதில் தெரிய வேண்டும். குரோமியம், நியான், காசு போட்டால் பாடும் ஜூக்பாக்ஸ், துரு, எலும்புக்கூடுகள் என எல்லாவற்றையும் வைத்துவிட்டேன். இருந்தும் பார்ப்பவர்கள் ‘ஃபால்அவுட் மாதிரியே இருக்கிறது’ என்கிறார்கள். என்ன செய்யலாம்?

பதில்: உங்கள் காட்சியில் எதுவும் குறையவில்லை, பொருள்கள் தேவைக்கு மேல் சேர்ந்துவிட்டன. நீங்கள் பட்டியலிட்டவை எந்த ஒரு விளையாட்டுக்கும் சொந்தமானவை அல்ல. அணு ஆயுதப் போருக்குப் பிந்தைய அமெரிக்காவைக் காட்டி 1997-இல் வெளிவந்த ஃபால்அவுட் விளையாட்டும் அவற்றை 1950-களின் அமெரிக்காவிலிருந்துதான் எடுத்துக்கொண்டது. ஆகவே நீங்களும் நேராக அந்தக் காலத்துக்கே போய்விடுவது நல்லது. இப்போதுள்ள காட்சியை ஒதுக்கி வைத்துவிட்டு, அந்த டைனர் திறக்கப்பட்ட வாரத்தில், தூசு படியாமல், எல்லா விளக்குகளும் எரிய, கல்லாவில் ஆள் உட்கார்ந்திருக்க, எப்படி இருந்திருக்கும் என்பதை முதலில் முழுமையாகக் கட்டி முடியுங்கள். பாழாக்கும் வேலையை அதன் பிறகு தொடங்கலாம்.

அப்படிக் கட்டும்போது அது எந்த வகை டைனர் என்று முடிவு செய்தாக வேண்டும். கிழக்கு மாநிலங்களின் டைனர், 1872-இல் பிராவிடென்ஸ் நகரில் வால்டர் ஸ்காட் என்பவர் குதிரை வண்டியில் உணவு விற்றதிலிருந்து வளர்ந்த மரபு. பின்னாளில் அவை தொழிற்சாலையிலேயே செய்யப்பட்டு, சாலை வழியாகவோ ரயிலிலோ கொண்டுவந்து இறக்கப்பட்டதால், ரயில் பெட்டி போல ஒடுங்கி நீண்டிருந்தன. லாஸ் ஏஞ்சலஸ் பக்கத்து உணவகங்கள் வேறு வகை. அங்கே ஜான் லாட்னர் 1949-இல் வடிவமைத்த கூகீஸ் என்ற காபிக் கடையின் பெயரே ஒரு கட்டடப் பாணிக்குப் பெயராயிற்று: மேல்நோக்கிப் பாயும் கூரை, பெரிய கண்ணாடிச் சுவர்கள், காரில் விரைபவர் கண்ணையும் இழுக்கும் பெயர்ப் பலகை. இரண்டையும் கலந்தால் எந்த ஊருக்கும் சேராத கட்டடமே கிடைக்கும். ஆட்டமும் இந்தத் தேர்வைப் பொறுத்தே மாறும். கண்ணாடிக் கூடத்தில் ஆட்டக்காரர் எல்லாப் பக்கமும் வெளியே தெரிவார். ஒடுங்கிய பெட்டியிலோ கவுண்டருக்கு முன்னா, பின்னா என்பதே போராட்டமாகிவிடும். என்னைக் கேட்டால் ஒடுங்கியதையே தேர்ந்தெடுப்பேன். தனியாளாக வேலை செய்பவருக்கு, உருவாக்க வேண்டிய முப்பரிமாண மாடல்களும் குறையும்.

அடுத்து, அதைக் கட்டியவர் எந்த எதிர்காலத்தை நம்பினார் என்று கேளுங்கள். அமெரிக்க அணுசக்தி ஆணையத்தின் தலைவர் லூயிஸ் ஸ்ட்ராஸ் 1954-இல், மீட்டர் வைத்து அளக்கத் தேவையில்லாத அளவுக்கு மின்சாரம் மலிவாகிவிடும் என்று பேசினார். ஃபோர்டு நிறுவனம் பின்புறம் அணு உலை பொருத்திய நியூக்ளியான் என்ற காரைக் கற்பனை செய்து, அதன் சிறு மாதிரி வடிவத்தையும் காட்டியது. உங்கள் டைனர் முதலாளி இந்தப் பேச்சை முழுமையாக நம்பியவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர் கடையில் விளக்கை அணைக்கும் சுவிட்ச் எங்குமே இருக்காது. கவுண்டரே எந்நேரமும் சூடாக இருக்கும். மின்கட்டணம் பற்றிய கவலை இல்லை என்று சுவரில் பெருமை எழுதப்பட்டிருக்கும். இப்படி ஒரே நம்பிக்கையிலிருந்து பிறக்கும் பத்துப் பொருள்கள், எல்லோரும் வைக்கும் ரோபோ பணிப்பெண்ணைவிட வலுவானவை.

இனிப் பாழாக்கலாம். இங்கேதான் நீங்கள் அதிக நேரம் செலவிட வேண்டும். எல்லாப் பரப்பிலும் ஒரே துரு டெக்ஸ்சரை (பரப்பின் மேல் ஒட்டும் படத்தை) பூசுவது பலரும் செய்யும் வேலை. ஒவ்வொரு பொருளும் தனக்கே உரிய விதத்தில்தான் கெடுகிறது. வெளிச்சுவரின் எவர்சில்வர் தகடு அழுக்கேறி மங்குமே தவிர எளிதில் துருப்பிடிக்காது. குரோமியம் பூசிய ஸ்டூல் கால்களில் பூச்சு புள்ளி புள்ளியாக உரிந்து, அடியிலுள்ள இரும்பு அங்கே துருவேறும். எனாமல் பலகையின் நிறம் பெரிதாக மங்காது. ஆனால் திருகாணியைச் சுற்றிச் சில்லு பெயர்ந்த இடத்திலிருந்து பழுப்புக் கறை கீழே வழிந்திருக்கும். ஈரம் ஏறி அடிப்பலகை ஊதுவதால் மேசையின் ஃபார்மைகா மேல்தகடு விளிம்பில் பிரிந்து எழும்பும். ரெக்ஸின் இருக்கை வெயில் படும் ஜன்னல் பக்கம் வெளுத்து வெடித்திருக்க, நிழலில் இருந்த பக்கம் பழைய சிவப்பையே காட்டும். நியானுக்கும் இது பொருந்தும். ஒரு டிரான்ஸ்ஃபார்மரில் தொடராக இணைத்த குழாய்களில் ஒன்று உடைந்தால் பெரும்பாலும் அந்தத் தொடர் முழுவதும் அணைந்துவிடும் என்பதால், ஒற்றை எழுத்து மட்டும் மினுக்குவதைவிட ஒரு சொல் முழுவதும் இருண்டிருப்பதே நம்பும்படி இருக்கும்.

போருக்குப் பின் அங்கே புழங்கியவர்களையும் மறக்க வேண்டாம். பல பத்தாண்டுகள் ஆள் நடமாடிய இடத்தில் எலும்புக்கூடுகளை யாரும் மேசையோரம் விட்டு வைத்திருக்க மாட்டார்கள். அவற்றை இன்றே நீக்கிவிடுங்கள். பதிலாகக் கவுண்டரில் ஒரு பழைய வானொலியை வையுங்கள். 1953 முதல் 1963 வரை அமெரிக்காவில் விற்ற வானொலிகளில், போர்க்கால அறிவிப்புக்கென ஒதுக்கிய 640, 1240 கிலோஹெர்ட்ஸ் இடங்களில் சிறு முக்கோணக் குறிகள் இருந்தன. முள் அவற்றில் ஒன்றின் மீது நின்றிருந்தால் கடைசி நாளைப் பற்றி வேறு குறிப்பு தேவைப்படாது. இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்தக் காலத்து உணவகக் கவுண்டர் எல்லோருக்கும் இடம் தரவில்லை. 1960 பிப்ரவரி 1 அன்று கிரீன்ஸ்பரோ நகரில் நான்கு கறுப்பின மாணவர்கள், பரிமாற மறுக்கப்பட்ட பின்னும் ஒரு கடையின் கவுண்டரை விட்டு எழாமல் அமர்ந்திருந்தார்கள். அந்த வரலாற்றைத் துடைத்துவிட்ட பழங்கால ஏக்கம் இனிப்பாக மட்டுமே இருக்கும். உங்கள் கதையில் இப்போது கவுண்டருக்குப் பின்னால் நிற்பவர் யார் என்பதை இதை மனத்தில் வைத்து முடிவு செய்யுங்கள்.

எல்லாம் முடிந்ததும், கதை தெரியாத ஒருவரை, எந்த எழுத்துக் குறிப்பும் இல்லாமல் உள்ளே சில நிமிடங்கள் நடக்க விடுங்கள். இங்கே இப்போது யார் இருக்கிறார்கள், எந்த வாசலைப் பயன்படுத்துகிறார்கள் என்று கேளுங்கள். அவரால் சொல்ல முடியவில்லை என்றால், புதிதாக ஒரு பொருளைச் சேர்ப்பதற்கு முன் இருப்பவற்றை இடம் மாற்றிப் பாருங்கள்.