கடலுக்கு அடியில கல்லு எப்படிங்க உடையும்?

கேள்வி: ஒரு சுண்ணாம்புக்கல் பாறையில கூர்கூரா உடைஞ்ச துண்டுங்களை யாரோ சேத்து ஒட்டின மாதிரி இருந்துச்சு, உள்ள கடல் சிப்பி ஃபாசிலும் இருக்கு. கடலுக்கு அடியில வெறும் சேறுதானே, அங்க கல்லு எப்படி உடைஞ்சு திரும்ப ஒட்டும்? எரிமலை வேலையா?

பதில்: எரிமலை இல்லீங்க. நீங்க பாத்தது பிரெச்சியா. துண்டுங்க முனை மழுங்கி உருண்டையா இருந்தா காங்லோமரேட், கூரா இருந்தா பிரெச்சியா, அந்த முனைதான் பெரிய சாட்சி. சுண்ணாம்புக்கல்லுல இருக்கறது கால்சைட், அதாவது கால்சியம் கார்பனேட் படிகம், கனிமத்தோட கடினத்தை 1-ல இருந்து 10 வரைக்கும் சொல்ற மோஸ் அளவுல வெறும் 3, கத்தியால கீறினாலே கோடு விழும், அலையில கொஞ்ச நாள் உருண்டாலே மூலை தேஞ்சிடும். மூலை அப்படியே இருக்குன்னா ஒண்ணு அது அங்கேயே உடைஞ்சிருக்கணும், இல்ல சேத்துக்குள்ள மாட்டி அதிகம் உரசாம வந்திருக்கணும்.

வெறும் சேறுதானேன்னு கேட்டீங்க இல்ல, அங்கதான் விஷயமே இருக்கு. களிமண் கல்லாகணும்னா ஆழமா புதையணும், சுண்ணாம்பு சேத்துக்கு அந்த அவசியம் இல்ல, கடல் தண்ணியில கரைஞ்சிருக்கற கால்சியம் கார்பனேட் துகளுக்கு நடுவுல படிகமா வளந்து சிமெண்ட் மாதிரி பிடிச்சிடும். கரையோரத்துல இப்படி இறுகின பாறைக்குள்ள கண்ணாடி பாட்டில் துண்டே பதிஞ்சு கிடைச்சிருக்கு, ஒரு மனுஷன் ஆயுசுக்குள்ள கல்லாயிடுச்சுன்னு அர்த்தம்.

ஆழமில்லாத கடல்ல அப்படி இறுகின சுண்ணாம்பு மேடு, அதாவது திட்டு, ஆழ்கடல் பக்கம் செங்குத்தா நிக்கும். நிலநடுக்கம் வந்தாலோ, புயல் அடிச்சாலோ, மேல சேர்ற பாரம் தாங்கலைன்னாலோ விளிம்பு உடைஞ்சு சேத்தோட சேந்து சரியும், சேறு அடர்த்தியா இருக்கறதால வீடு அளவு பாறையைக் கூட சுமந்துட்டு ரொம்ப லேசான சரிவுலயும் கிலோமீட்டர் கணக்குல போகும். கனடாவோட நியூஃபவுண்ட்லாந்துல கவ் ஹெட்னு ஒரு இடம், சுமார் 50 கோடி வருஷத்துக்கு முந்தின ஆழ்கடல் அடுக்குக்கு நடுவுல ஆழமில்லாத கடல்ல உருவான சுண்ணாம்புப் பாறைங்க குவிஞ்சு கிடக்கு. எனக்கு அதுல ரொம்ப பிடிச்சது என்னன்னா, அந்த துண்டுங்க உடைஞ்சு வந்த திட்டோட விளிம்பை இன்னைக்கு அங்க பாக்கவே முடியாது, அது எப்படி இருந்துச்சுன்னு சொல்றதுக்கு இந்த உடைஞ்ச கல்லுங்கதான் மிச்சம்.

வேற வழியும் இருக்கு. அடியில இருக்கற உப்பு, ஜிப்சம் அடுக்கு கரைஞ்சு போனா மேல இருக்கற கல்லு நொறுங்கி உள்ள இறங்கிடும், அமெரிக்காவுல மிச்சிகன் மாநிலத்து மாக்கினாக் தீவுல இருக்கற ஆர்ச் ராக் அப்படி நொறுங்கி திரும்ப இறுகின கல்லுதான். விண்கல்லும் காரணமாகலாம். 6.6 கோடி வருஷத்துக்கு முன்னாடி மெக்சிகோவோட சிக்சுலுப்ங்கற இடத்துல விழுந்த விண்கல்லோட அதிர்ச்சியில அந்தப் பக்கம் சுண்ணாம்பு திட்டு விளிம்பு இடிஞ்சு சரிஞ்சுது, அந்த உடைஞ்ச கல்லு இடுக்குலதான் பிற்பாடு காந்தரேல் எண்ணெய் வயலோட எண்ணெய் தேங்குச்சு, 2004 வாக்குல ஒரு நாளைக்கு 20 லட்சம் பேரலுக்கு மேல எடுத்தாங்க.

கேள்வி: ஒரு கல்லை கையில வச்சு பாத்தே இதுல எதுன்னு சொல்ல முடியுமா?

பதில்: முழுசா முடியாது, பாறை முகப்பையும் பாக்கணும். ஆனா நிறைய தெரியும். ஒரு லென்ஸ் எடுத்து துண்டோட ஓரத்துல இருக்கற சிப்பியைப் பாருங்க, சிப்பி பாதியில வெட்டின மாதிரி நின்னு போச்சுன்னா உடையும்போதே அது கெட்டிக் கல்லு, துண்டு வளைஞ்சு நெளிஞ்சு இருந்தா அப்போ இன்னும் இறுகாத சேறு. பக்கத்து பக்கத்து துண்டுங்க ஜிக்சா மாதிரி பொருந்தினா பெருசா நகரல, உள்ள இடிஞ்சு இறங்கினதோட ஆரம்ப நிலையா இருக்கலாம், கலந்து கட்டி பல நிறத்துல இருந்தா எங்கிருந்தோ சரிஞ்சு வந்ததா இருக்க வாய்ப்பு அதிகம்.

இன்னொண்ணு, சில சிப்பிக்குள்ள பாதி சேறும் பாதி வெள்ளை கால்சைட்டும் இருக்கும். சேறு கீழ தங்கி மேல்பக்கம் சமமா நிக்கும், அப்புறம் காலியிடத்துல படிகம் வளரும், ஆக அந்தக் கோடு அன்னைக்கு கடல் தரையில எது மேல் எது கீழ்னு காட்டுற ரசமட்டம். நல்ல பிரெச்சியாவுல ஒரு துண்டுல அந்தக் கோடு படுத்திருக்கும், பக்கத்து துண்டுல சாஞ்சிருக்கும், இன்னொண்ணுல தலைகீழா இருக்கும். துண்டுங்க எல்லாம் கல்லான பிறகுதான் புரண்டுருக்குன்னு அதை வச்சே சொல்லிடலாம்.