பழைய லீ-என்ஃபீல்டும் புதிதாக வாங்கிய மகசினும்

அன்புள்ள தம்பிக்கு,

வட ஒன்ராறியோவுக்கு வேலைக்கு வந்து, பாதுகாப்புப் பயிற்சியை முடித்து, அனுமதிப்பத்திரமும் எடுத்து, உங்களோடு வேலை செய்யும் பெரியவர் ஒருவரிடமிருந்து பழைய லீ-என்ஃபீல்ட் ரைபிள் ஒன்றை வாங்கியிருப்பதாக எழுதியிருந்தீர்கள். மான் வேட்டைக் காலம் தொடங்குமுன் மேலதிகமாக ஒரு மகசின் (ரவைகளை அடுக்கும் பெட்டி) கையில் இருக்கட்டும் என்று துப்பாக்கிச் சந்தையில் ஒன்றை வாங்கினீர்கள். அது சில வேளை பூட்டிக்கொள்ளாமல் கீழே நழுவுகிறது. பூட்டிக்கொண்டாலும், ரவையை அறைக்குள் தள்ளும் இரும்புத் தண்டான போல்டை முன்னே தள்ளும்போது அது ரவையைப் பிடிக்காமல் அதன் மேலாகப் போய்விடுகிறது. துப்பாக்கியில் பழுதா, மகசினின் பின்புறத்தை அரத்தால் அராவலாமா, பத்து ரவை கொள்ளும் மகசினை இந்த நாட்டில் வைத்திருக்கலாமா என்பவை உங்கள் கேள்விகள்.

சட்டத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். இங்கே ஐந்து ரவை என்ற வரம்பு, அடுத்த ரவையைத் தானே ஏற்றிக்கொள்ளும் செமி-ஆட்டோமேட்டிக் சென்ரர்-ஃபயர் (ரவையின் அடி நடுவில் அடித்து வெடிக்க வைக்கும்) ரைபிள்களின் மகசின்களுக்கு உரியது. கையால் போல்டை இழுத்து இயக்கும் லீ-என்ஃபீல்டுக்கென்றே செய்யப்பட்ட பத்து ரவை மகசின் அந்த வரம்புக்குள் வருவதில்லை. ஆயினும் 2020 முதல் துப்பாக்கிச் சட்டங்கள் பலமுறை மாறியிருப்பதால், எதை வாங்குமுன்னும் கனடாவின் மத்திய பொலிஸான ஆர்.சி.எம்.பி.யின் கனடியத் துப்பாக்கித் திட்டம் வெளியிடும் அறிவித்தல்களைப் பார்த்துவிடுங்கள். அந்தப் பெரியவர் துப்பாக்கியை உங்களுக்குக் கைமாற்றியபோது உங்கள் அனுமதிப்பத்திரத்தைச் சரிபார்த்து மேற்கோள் எண் ஒன்றைப் பெற்றிருக்க வேண்டும். 2022 மே 18 முதல் சாதாரண நீளத் துப்பாக்கிகளுக்கும் அது கட்டாயம். இருவரும் அதைச் செய்தீர்களா என்று உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள்.

இனி மகசின். உங்கள் துப்பாக்கி பெரும்பாலும் நல்ல நிலையில்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். ஏனெனில் அதனோடு வந்த பழைய மகசின் ஒழுங்காக வேலை செய்கிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். லீ-என்ஃபீல்டின் மகசின் கழற்றக்கூடியதாக இருப்பதால், இன்றைய துப்பாக்கிகளைப் போல வேட்டைப் பையில் இரண்டு மூன்று வைத்துக்கொண்டு மாற்றி மாற்றிப் போடுவதற்காகச் செய்யப்பட்டது என்று புதிதாக வாங்குபவர்கள் எண்ணிவிடுகிறார்கள். அது அப்படி உருவான பொருள் அல்ல. படைவீரர் மகசினைத் துப்பாக்கியிலேயே விட்டுவிட்டு, ஐந்து ரவைகள் கோத்த கிளிப்பை மேலே வைத்துப் பெருவிரலால் அழுத்தி நிரப்புவார். துப்புரவு செய்வதற்கே அதைக் கழற்றுவார். தொடக்க கால லீ-என்ஃபீல்டுகளில் மகசின் தொலைந்துவிடாதபடி ஒரு சிறு வளையத்தால் துப்பாக்கியோடு பிணைத்தே வைத்திருந்தார்கள். ஆகவே ஒரு துப்பாக்கியோடு பல ஆண்டுகள் இருந்த மகசின் அந்தத் துப்பாக்கியின் உறுப்பாகவே ஆகிவிடுகிறது. ரவையைப் பிடித்து வைக்கும் அதன் மேல் ஓரங்களான உதடுகளும் பின்புற மேடும் அந்தப் போல்டுக்கும் அந்தப் பூட்டுக்கும் ஏற்பச் சரிசெய்யப்பட்டிருக்கும். இன்னொரு துப்பாக்கியின் மகசினை எடுத்து வந்தால் பொருந்தவும் கூடும், பொருந்தாமலும் போகும்.

நீங்கள் வாங்கியது எந்த வகையினுடையது என்று பாருங்கள். லீ-என்ஃபீல்ட் என்ற ஒரே பெயரில் பல துப்பாக்கிகள் உண்டு. 1907 இல் சேவைக்கு வந்த மூன்றாம் மார்க், பின்னாளில் நம்பர் 1 எனப் பெயரிடப்பட்டது; அதன் குழல்முனை மூக்குத் தகட்டுக்குள் மறைந்திருக்கும், பின்னோக்குக் குறி குழலின் மேலே இருக்கும். இரண்டாம் உலகப் போர்க் காலத்து நம்பர் 4 இல் குழல்முனை சிறிது வெளியே நீட்டியிருக்கும், குறி பின்னால் போல்டின் மேற்பக்கத்தை ஒட்டி இருக்கும். இவ்விரண்டின் மகசின்களும் மேசையில் அருகருகே வைத்தால் ஒன்றுபோலவே தெரியும், ஆனால் அளவுகள் ஒன்றல்ல. நம்பர் 5 என்னும் குட்டைத் துப்பாக்கிக்கு மட்டும் நம்பர் 4 இன் மகசின் பொருந்தும். இந்தியாவில் இஷாப்பூர் தொழிற்சாலை 1960களில் நேட்டோவின் 7.62 மில்லிமீட்டர் ரவைக்காகச் செய்த 2ஏ, 2ஏ1 துப்பாக்கிகளின் மகசின் வேறு வடிவம். அதன் அடிப்பகுதி கூடுதலாகச் சதுரமாக இருக்கும். அவையும் கனடாவின் பழைய பொருட் சந்தைகளில் புழங்குவதால், விற்பவர் பிரித்தறியாமல் ஒரே பெட்டியில் போட்டு வைத்திருப்பது சாதாரணம். நமது ஊர்ப் பொலிஸ் நிலையங்களில் "303" என்று பார்த்துப் பழகிய துப்பாக்கியின் உறவினர்களே இவை என்றாலும், ஒன்றின் உறுப்பு மற்றொன்றுக்கு ஆகாது.

உங்களுடையதில் லோங் பிராஞ்ச் என்ற முத்திரை உண்டு என்று எழுதியிருப்பதால் அது நம்பர் 4. இன்றைய மிசிசாகாவின் ஏரிக்கரையில் இருந்த தொழிற்சாலையில் செய்யப்பட்டது; போர்க் காலத்தில் அங்கே 9 லட்சத்துக்கும் மேற்பட்ட நம்பர் 4 துப்பாக்கிகள் உருவாகின. 1947 இல் தொடங்கப்பட்ட, தொலைதூரப் பகுதிகளில் பணிசெய்யும் படைப்பிரிவான கனடியன் ரேஞ்சர்கள் பல பத்தாண்டுகளாக நம்பர் 4 ஐயே வைத்திருந்தார்கள். 2018 முதல்தான் அவர்களுக்குச் சி-19 என்னும் புதிய ரைபிள் வழங்கப்பட்டது. வட துருவக் குளிரிலும் இவ்வளவு காலம் பணிசெய்த துப்பாக்கி அது. நல்ல துப்பாக்கியைத்தான் வாங்கியிருக்கிறீர்கள்; அதைச் சந்தேகிக்க வேண்டியதில்லை.

வகை சரியாக இருந்தும் பொருந்தாவிட்டால், பார்க்க வேண்டிய இடங்கள் மூன்றுதான். அதற்கு முன், நீங்கள் வேலை செய்யும் அறையில் உயிருள்ள ரவை ஒன்றுகூட இருக்கக் கூடாது. துப்பாக்கியின் அறையைக் கண்ணாலும் விரலாலும் பார்த்துவிட்டு, வெடிமருந்தும் வெடிப்பொதியும் இல்லாத போலி ரவைகளை வைத்தே சோதியுங்கள். வேட்டைப் பொருட்கள் விற்கும் கடைகளில் அவை கிடைக்கும்.

முதலாவது, மகசின் பூட்டு. விசைக் காப்பு வளையத்தின் உள்ளே முன்புறம் இருக்கும் சிறு நெம்பு, மகசினின் முதுகில் உள்ள மேட்டைப் பிடித்து நிற்கிறது. மகசினை முன்புறம் முதலில் உள்ளே நுழைத்துப் பின்புறத்தை மேலே தள்ளும்போது தெளிவான ஒரு சொடுக்குச் சத்தம் கேட்க வேண்டும். அது கேட்டும், கையால் கீழே இழுத்தால் நழுவினால், மேடு தேய்ந்திருக்கும் அல்லது உயரம் பொருந்தாது. இந்த நெம்பை அழுத்திப் பிடிக்கும் ஸ்பிரிங்கே விசையின் உட்பகுதியில் சுடும் முள்ளைப் பிடித்து நிறுத்தும் சியர் என்னும் உறுப்பையும் இயக்குகிறது. ஆகையால் பூட்டைச் சரிசெய்யப் போனால் விசையின் பாதுகாப்பையும் தொட்டுவிடுவீர்கள். அதைத் துப்பாக்கி திருத்துபவரிடம் விட்டுவிடுங்கள்.

இரண்டாவது, மகசினின் மேல் உதடுகள். போல்டின் முகம் ரவையின் அடி விளிம்பின் மேற்பகுதியைத் தட்டித்தான் முன்னே தள்ளுகிறது. மகசின் சற்றுத் தாழ்ந்து உட்கார்ந்தாலோ, உதடுகள் உள்ளே வளைந்து ரவையை அழுத்தி வைத்திருந்தாலோ, போல்ட் அந்த விளிம்புக்கு மேலாகச் சறுக்கிப் போய்விடும். உங்களுக்கு நடப்பது இதுதான் என்று நினைக்கிறேன். உதடுகள் வெளியே விரிந்திருந்தால் இதற்கு எதிர்மாறாக, போல்ட் வருமுன்பே ரவை துள்ளி வெளியே வந்துவிடும். மகசினின் முதுகை அராவலாமா என்ற கேள்விக்கு இதுவே பதில்: கூடாது. அந்த மேடுதான் மகசின் எவ்வளவு உயரத்தில் நிற்கும் என்பதைத் தீர்மானிக்கிறது. அராவிய இரும்பைத் திரும்ப ஒட்டமுடியாது. பூட்டிக்கொள்ளும், ஆனால் இப்போது இருப்பதைவிடத் தாழ்ந்து நின்று எந்த ரவையையும் ஏற்றாத மகசின் ஒன்றுதான் கையில் மிஞ்சும்.

மூன்றாவது, உள்ளே ரவைகளை மேலே தூக்கும் மேடையும் ஸ்பிரிங்கும். போர்க் காலத்தில் பூசிய கிறீஸ் உள்ளே இறுகி மஞ்சள் நிறப் பிசினாகக் கிடந்து மேடையை மேலே வரவிடாமல் தடுப்பதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்; பொருந்தவில்லை என்று என்னிடம் கொண்டுவரப்பட்ட மகசின்களில் சில துப்புரவு செய்த உடனேயே ஒழுங்காயின. மேடையின் பின்புறத்தை ஆழமாக அழுத்தினால் முன்புறம் முன் உதடுகளிலிருந்து விடுபட்டு மேலே வரும். அதை வெளியே எடுத்து, உட்புறத்தை நன்றாகத் துடைத்து, மெல்லிய எண்ணெய் மட்டும் பூசித் திருப்பி வையுங்கள்.

மகசினில் குறை இல்லாமலே போல்ட் சிக்கும் இன்னொரு காரணமும் உண்டு. 303 ரவையின் அடியில் வெளியே நீட்டிய விளிம்பு இருக்கிறது. மேலே இருக்கும் ரவையின் விளிம்பு கீழே இருப்பதன் விளிம்புக்குப் பின்னால் போய்விட்டால், போல்ட் தள்ளும்போது இரண்டும் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும். கையால் ஒவ்வொன்றாகப் போடும்போது, புதிய ரவையின் விளிம்பு கீழே உள்ளதற்கு முன்னே இருக்குமாறு வைத்துச் சற்றுப் பின்னே தள்ளி நிறுத்துங்கள். சிக்கிவிட்டால் போல்டை அடித்து முன்னே தள்ள வேண்டாம். பின்னே இழுத்து, மகசினைக் கழற்றி ரவைகளை வெளியே எடுங்கள்.

இரண்டாவது மகசின் தேவையா என்றால், மான் வேட்டைக்குத் தேவையில்லை என்பதே என் கருத்து. அந்தப் பணத்தில் நல்ல கிளிப்புகள் சிலவற்றை வாங்குங்கள். மகசினைத் திருப்பிக் கொடுக்க முடிந்தால் கொடுத்துவிடுங்கள். முடியாவிட்டால் துப்பாக்கி, பழைய மகசின், புதிய மகசின் மூன்றையும் ஒன்றாகத் துப்பாக்கி திருத்துபவரிடம் கொண்டுபோங்கள். பழையதைப் பக்கத்தில் வைத்துப் பார்க்காமல் அவராலும் உதடுகளைச் சரியான உயரத்துக்குக் கொண்டுவர இயலாது. அதே வேளையில் போல்டின் கைப்பிடியில் உள்ள எண்ணும் துப்பாக்கியின் உடலில் உள்ள எண்ணும் ஒன்றா என்று கேளுங்கள். வேறுபட்டால், சுடுமுன் ரவை அறையின் இடைவெளியை அவர் அளவுமானியால் அளந்து தர வேண்டும். மகசின் பொருந்துவதைவிட முக்கியமான சோதனை அது.