அம்பாசிடர் பெட்ரோல் எஞ்சின் பிளாக்கில் வாட்டர் ஜாக்கெட் (குளிர்விக்கும் தண்ணீர் ஓடும் பகுதி) பக்கம் விரிசல்: வெல்டிங் வைக்கலாமா?

வைக்காதீர்கள். அந்த 1489 சிசி எஞ்சினின் பிளாக் வார்ப்பிரும்பு. அதில் கரி சுமார் 3 சதவீதம் இருக்கிறது. வெல்டிங் சூட்டில் உருகி வேகமாக ஆறும் ஓரம் கண்ணாடி போல் கடினமாகி, ஒட்டிய இடத்துக்குப் பக்கத்திலேயே புதிதாக விரியும். நிக்கல் ராடு போட்டாலும், பிளாக் முழுவதையும் சூடாக்கி மெதுவாக ஆறவிடாவிட்டால் இதே கதிதான்.

ஜாக்கெட் சுவருக்குக் குளிர் தையல்தான் சரி, அதாவது சூடே இல்லாமல் விரிசல் நெடுக திருகு ஆணிகளை வரிசையாகப் பதித்து அடைப்பது. முதலில் பெயின்ட், எண்ணெய் எல்லாம் போகக் கழுவி, விரிசலுக்குள் ஊறும் சிவப்புச் சாயம் (டை) பூசி விரிசலின் உண்மையான முனையைக் கண்டுபிடியுங்கள். கண்ணுக்குத் தெரிவதைவிட அது பெரும்பாலும் நீளமாகவே இருக்கும். இரு முனையிலும் 3 மி.மீ. துளை போட்டால் விரிசல் மேற்கொண்டு ஓடாது. பிறகு விரிசல் மேலேயே துளையிட்டு, டேப் கருவியால் உள்ளே மரை வெட்டி, சீலன்ட் தடவிய திருகு ஆணியை இறுக்கி, தலையை வெட்டுங்கள். அடுத்த துளை முந்தைய ஆணியில் மூன்றில் ஒரு பங்கைத் தின்ன வேண்டும். இந்த இடத்தில் சோம்பல்பட்டால் ஆணிகளுக்கு நடுவே தண்ணீர் கசியும். சாதாரண போல்ட் வேண்டாம். அது இறுகும்போது சுவரை விரித்துவிடும். தையலுக்கென்றே வரும் ஆணியின் மரை இருபுறத்தையும் உள்ளே இழுக்கும்.

முடிந்ததும் ஜாக்கெட்டை அடைத்து, பிளாக்கை வெந்நீரில் மூழ்கவைத்து ஜாக்கெட்டுக்குள் 2 பார் அழுத்தத்தில் காற்று கொடுத்துப் பாருங்கள். குமிழி வந்தால் அங்கே இன்னொரு ஆணி.

விரிசல் சிலிண்டருக்குள் போயிருந்தால் ஸ்லீவ் (சிலிண்டருக்குள் செருகும் உலோகக் குழாய்) போடாமல் தீராது. கிராங்க் ஷாஃப்டைத் தாங்கும் மெயின் பேரிங் பிடிமானத்தில் என்றால் வேறு பிளாக் தேடுங்கள்.