வைர மோதிரம் விற்கப் போகிறீர்களா? விலையைப் பிரித்துச் சொல்லச் சொல்லுங்கள்

கேள்வி: என்னிடம் 18 காரட் தங்கத்தில் செய்த வைர மோதிரம் ஒன்று இருக்கிறது. நடுவில் 1 காரட் கல், சுற்றிலும் பொடிக் கற்கள். பில், ஆய்வகச் சான்றிதழ் இரண்டும் பத்திரமாக உள்ளன. பக்கத்தில் பழைய நகை வாங்கும் ஒருவரிடம் காட்டினேன். இரண்டு நிமிடம் பார்த்துவிட்டு, பில் தொகையில் பாதிகூட வராத ஒரு விலை சொன்னார். ஏமாற்றப் பார்க்கிறாரா?

பதில்: பாதிகூட வரவில்லை என்பதற்காக அவர் மேல் சந்தேகப்பட வேண்டாம். நீங்கள் கொடுத்த பணத்தில் கடையின் லாபம், செய்கூலி, வரி எல்லாம் சேர்ந்திருந்தன. அவை போனது போனதுதான். இதே கல் மொத்த வியாபாரியிடம் என்ன விலைக்குக் கிடைக்கும் என்றுதான் வாங்குபவர் கணக்குப் போடுவார். உங்களுக்கு அதற்கும் கீழேதான் தருவார். காப்பீட்டுக்காக வாங்கிய மதிப்பீட்டுத் தாள் இருந்தால் அதையும் நம்ப வேண்டாம். நகை தொலைந்தால் புதிதாக வாங்க எவ்வளவு ஆகும் என்பதைத்தான் அது சொல்கிறது.

எனக்கு உறுத்துவது, அவர் மொத்தமாக ஒரே தொகை சொன்னதுதான். உங்கள் மோதிரத்தில் மூன்று சரக்கு இருக்கிறது: தங்கம், நடுக்கல், பொடிக்கல். மூன்றுக்கும் தனித்தனியாக விலை கேளுங்கள். எதில் குறைக்கிறார் என்பது அப்போதுதான் வெளியே வரும்.

தங்கத்தை நீங்களே வீட்டில் கணக்குப் போடலாம். மோதிரம் மொத்தம் 4.20 கிராம், கற்கள் எல்லாம் சேர்ந்து 1.20 காரட் என்று வைத்துக்கொள்வோம். ஒரு காரட் என்பது 0.2 கிராம், ஆகவே கல்லின் எடை 0.24 கிராம். அதைக் கழித்தால் 3.96 கிராம். தங்கத்தில் காரட் என்பது எடை அல்ல, சுத்தத்தின் அளவு: 18 காரட் தங்கத்தில் சுத்தத் தங்கம் 75 சதவீதம், அதாவது 2.97 கிராம். அன்றைய சுத்தத் தங்க (24 காரட்) கிராம் விலையால் பெருக்கினால் இந்தப் பகுதி முடிந்தது. உருக்குவதற்கென்று கொஞ்சம் பிடிப்பார்கள்; எவ்வளவு என்று வாய்விட்டுக் கேளுங்கள்.

பொடிக் கற்களுக்கு ஆசைப்படாதீர்கள். கழற்றிப் பிரித்துத் தரம் பார்க்கும் கூலிகூட அவற்றில் தேறாது. பலர் அவற்றுக்கு விலையே போடமாட்டார்கள்.

பேரம் எல்லாம் நடுக்கல்லில்தான். மொத்த வியாபாரத்தில் பலர் 1978 முதல் வெளிவரும் ராப்பபோர்ட் விலைப்பட்டியலை வைத்துக்கொண்டு, அதிலிருந்து இத்தனை சதவீதம் கழிவு என்று பேசுவார்கள். எடை, நிறம், தூய்மை மூன்றையும் வைத்து ஒரு காரட்டுக்கு இவ்வளவு என்று அதில் விலை இருக்கும். எடை ஒரு வரம்பைத் தாண்டினால் காரட் விலையே ஏறிவிடும். 98 சென்ட் (0.98 காரட்) கல்லுக்கும் 1.01 காரட் கல்லுக்கும் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது, விலையில் தெரியும். அதனால் எடையில் ஏமாறக் கூடாது. வட்டக் கல்லாக இருந்தால் மோதிரத்திலிருந்து கழற்றாமலே உத்தேசமாகச் சரிபார்க்க ஒரு வழி உண்டு: விட்டத்தை விட்டத்தால் பெருக்கி, ஆழத்தால் பெருக்கி, வந்ததை 0.0061ஆல் பெருக்குங்கள். அளவெல்லாம் மில்லிமீட்டரில் இருக்க வேண்டும். விட்டம் 6.5, ஆழம் 3.9 என்றால் 1.005 வரும். அங்கே ஒருவர் "இது 90 சென்ட்தான் தேறும்" என்றால் இந்தக் கணக்கைக் காட்டுங்கள்.

நிறத்தில்தான் அடுத்த இழுபறி வரும். மஞ்சள் தங்கத்தில் பதித்த கல்லின் நிறத்தைச் சரியாகச் சொல்ல முடியாது. வைரங்களுக்குத் தரச் சான்றிதழ் தரும் அமெரிக்க நிறுவனமான ஜிஐஏவின் ஆய்வகம்கூடக் கழற்றிய கல்லுக்குத்தான் தரம் எழுதும். சான்றிதழ் இல்லாவிட்டால் வாங்குபவர் தன் பாதுகாப்புக்கு ஒன்றிரண்டு படி குறைத்தே மதிப்பிடுவார். உங்களிடம் சான்றிதழ் இருப்பது அந்தக் குறைப்பைத் தடுக்கும். ஆனால் தாளும் கல்லும் ஒன்றா என்று முதலில் நீங்கள் பாருங்கள். பல கற்களின் இடைவிளிம்பில், அதாவது கல்லின் அகலமான பகுதியைச் சுற்றி ஓடும் ஓரத்தில், சான்றிதழ் எண்ணை லேசரால் பொறித்திருப்பார்கள். 10 மடங்கு பெரிதாக்கிக் காட்டும் லூப் என்ற சிறு லென்ஸில், வெளிச்சத்தைப் பக்கவாட்டில் விட்டுத் திருப்பினால் தலைமுடியைவிட மெல்லிய எழுத்தாகத் தெரியும். சில சமயம் கல்லைப் பிடித்திருக்கும் உலோகப் பற்கள் அதை மறைத்திருக்கும்.

பேனா போன்ற கருவியால் கல்லைத் தொட்டு, பீப் சத்தம் வந்ததும் "வைரம்தான்" என்று சிலர் முடித்துக்கொள்வார்கள். அது வெப்பம் கடத்துவதை மட்டும்தான் பார்க்கிறது. வைரம் போலவே தெரியும் மாய்சனைட் என்ற வேறு கல் அதை ஏமாற்றிவிடும். ஆய்வகத்தில் வளர்த்த வைரமும் வைரம்தான் என்பதால் அதற்கும் பீப் வரும். ஆனால் மறுவிற்பனையில் அதற்கு இயற்கை வைரத்தின் விலை கிடைக்காது. உங்கள் சான்றிதழில் எது என்று எழுதியிருக்கும், எடுத்துப் படியுங்கள்.

கொண்டுபோகும் முன் வெதுவெதுப்பான நீரில் இரண்டு சொட்டு பாத்திரம் கழுவும் திரவம் விட்டு ஊறவைத்து, மெல்லிய பிரஷால் கல்லின் அடிப்பக்கத்தைத் தேயுங்கள். வைரத்தில் எண்ணெய்ப் பசை சட்டென்று ஒட்டும். அழுக்குக் கல் மங்கலாகத் தெரிந்தால் விலையும் மங்கும். கல்லை நீங்களாகக் கழற்ற வேண்டாம். வைரத்தில் எளிதில் கீறல் விழாது, ஆனால் தப்பான இடத்தில் அடிபட்டால் விளிம்பு சில்லுப் பெயரும்.

மூன்று பேரிடமாவது காட்டுங்கள், மோதிரம் உங்கள் கண்முன்னே இருக்கட்டும். "விட்டுவிட்டுப் போங்கள், நாளை சொல்கிறேன்" என்றால் எடை, கல்லின் அளவு, சான்றிதழ் எண் எழுதிய ரசீது இல்லாமல் நகராதீர்கள். "வெள்ளைக் கல் மோதிரம் ஒன்று" என்று எழுதித் தருவது ரசீதே இல்லை. சான்றிதழின் நகலை மட்டும் காட்டுங்கள். அசலைப் பணம் கணக்கில் ஏறிய பிறகு கொடுங்கள்.

உங்களுக்கு அவசரம் இல்லை என்றால், விற்றுத் தந்த பிறகு தரகு எடுத்துக்கொள்பவரிடம் கொடுப்பது பெரும்பாலும் கூடுதலாகத் தரும். அதற்கு மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டியிருக்கலாம். முதலில் அதே மனிதரிடம் போய், மூன்றையும் தனித்தனியாக எழுதித் தரச் சொல்லிப் பாருங்கள்.