இயற்கைக் காட்டு மரங்களின் விட்ட வளர்ச்சி: சராசரியைப் பெருக்கினால் போதுமா?

கேள்வி: பல இன மரங்கள் கலந்து நிற்கும் இயற்கைக் காட்டுக்கு 20 ஆண்டு மேலாண்மைத் திட்டம் எழுதுகிறேன். நிரந்தர மாதிரித் திடல்களில் (அதே மரங்களைத் திரும்பத் திரும்ப அளக்க ஒதுக்கிய நிலத்துண்டுகளில்) ஐந்தாண்டு இடைவெளியில் இரண்டு முறை எடுத்த அளவுகள் கையில் இருக்கின்றன. ஒவ்வொரு இனத்துக்கும் ஆண்டுச் சராசரி வளர்ச்சியைக் கண்டு 20 ஆல் பெருக்கலாமா? சில மரங்கள் இளைத்துவிட்டதாக அளவு காட்டுகிறது. அவற்றை நீக்கிவிடலாமா?

பதில்: நீக்காதீர்கள். பல திட்டங்கள் கெடுவது இந்த இடத்தில்தான் என்பதால் முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன்.

தரையிலிருந்து 1.3 மீட்டர் உயரத்தில் நாடாவைச் சுற்றும்போது அடியில் ஒரு கொடி சிக்கினாலோ, நாடா ஒரு பக்கம் சரிந்தாலோ, சுற்றளவு ஒரு சென்டிமீட்டர் கூடிவிடும். விட்டக் கணக்கில் அது சுமார் 3 மில்லிமீட்டர். நிழலில் நிற்கும் பல மரங்கள் ஓராண்டு முழுவதும் அவ்வளவுகூடப் பருப்பதில்லை. பட்டை உரிவதாலும், வறட்சியில் தண்டு சற்றுச் சுருங்குவதாலும் அளவு உண்மையாகவே குறைவதும் உண்டு. அளவைப் பிழை இரு பக்கமும் விழும். கூட்டிக் காட்டிய பிழை நல்ல வளர்ச்சிபோல் மறைந்துகொள்ளும். குறைத்துக் காட்டியது மட்டும் எதிர்மறை எண்ணாகக் கண்ணில் படும். அதை மட்டும் களைந்தால் சராசரி ஏறிவிடும். காட்டில் இல்லாத மரத்தை வெட்டத் திட்டம் அனுமதி தந்துவிடும். மரத்தின் எண் மாறியது, இலக்கம் இடம்மாறியது, பலகை வேர் (அடிமரத்தைத் தாங்கப் பலகைபோல் விரியும் வேர்) எழும்பியதால் அளக்கும் இடத்தை மேலே நகர்த்தியது போன்றவற்றைக் களக்குறிப்பேட்டோடு ஒப்பிட்டுத் திருத்துங்கள். திருத்த முடியாதவற்றை நீக்குவதானால், நம்பமுடியாத ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் ஒரே அளவுகோல் வையுங்கள்.

இனி சராசரி. ஒரே இனத்தில் 15 செ.மீ. மரமும் 60 செ.மீ. மரமும் ஒரே வேகத்தில் வளர்வதில்லை. பெரும்பாலும் விட்டம் கூடக்கூட வளர்ச்சி ஏறி, ஓர் உச்சத்தைத் தொட்டு, பிறகு தளர்கிறது. ஆண்டு வளர்ச்சியை விட்டம், விட்டத்தின் மடக்கை (லாகரிதம்) ஆகிய இரண்டோடும் இணைக்கும் சமன்பாடு இந்த வடிவத்தை நன்றாகப் பிடிக்கும். விட்டத்தின் மூன்றாம் அடுக்கு வரை போகும் முப்படிக் கோவையைத் தவிருங்கள். தரவு தீர்ந்துபோகும் பெரிய மரங்களில் அது எங்கே பாயும் என்று சொல்ல முடியாது.

அடுத்தது போட்டி. என் கணிப்பில், இது இல்லாத வளர்ச்சிச் சமன்பாடு திட்டமிடலுக்கு உதவாது. ஒவ்வொரு மரத்துக்கும், அதே திடலில் அதைவிடப் பெரிய மரங்களின் குறுக்குவெட்டுப் பரப்பைக் கூட்டி ஹெக்டேருக்கு மாற்றுங்கள். 40 செ.மீ. மரத்தின் பரப்பு 0.126 சதுர மீட்டர். திடல் அரை ஹெக்டேர் என்றால் அது 0.25 ஆகிறது. இந்தக் கூட்டுத்தொகை ஏற ஏற வளர்ச்சி குறையும். ஒரு பெரிய மரத்தை வெட்டினால் கீழே நிற்பவை எவ்வளவு வேகம் பிடிக்கும் என்று திட்டம் கேட்கும் கேள்விக்கு விடை இதிலிருந்துதான் வரும். ஆனால் உங்கள் திடல்களில் ஒன்றிலும் அண்மையில் மரம் வெட்டப்படவில்லை என்றால், அந்த விடையை மிதமாகவே நம்புங்கள்.

வளர்ச்சியின் மடக்கையை எடுத்துப் பொருத்துவது வழக்கம். சுழியத்துக்கும் எதிர்மறை எண்ணுக்கும் மடக்கை கிடையாது என்பதால், எல்லா மரங்களுக்கும் ஒரே சிறு மாறிலியைக் கூட்டிவிட்டு எடுங்கள். திரும்ப மாற்றும்போது எச்சப் பரவற்படியில் (சமன்பாடு தரும் மதிப்புக்கும் அளவுக்கும் உள்ள வேறுபாடுகளின் சிதறல் அளவில்) பாதியை அடுக்கில் சேர்க்க வேண்டும். மறந்தால் வளர்ச்சி குறைவாக வரும். இந்தச் சிக்கலே வேண்டாம் என்றால் நேர்கோடற்ற பொருத்துதலை நேரடியாகச் செய்யலாம்.

அரிய இனங்களுக்குத் தனிச் சமன்பாடு எழுத மரங்கள் போதாது. ஒளித் தேவையையும் இறுதிப் பருமனையும் வைத்துக் குழுவாக்குங்கள்.

வெட்டும் அளவை எட்ட எத்தனை ஆண்டு ஆகும் என்று கணக்கிடும்போதும் சராசரி ஏமாற்றும். ஆண்டுக்கு 0.4 செ.மீ. என்றால் 20 செ.மீ. மரம் 60 ஐத் தொட 100 ஆண்டு. மெதுவாக வளர்பவற்றில் பல வழியிலேயே மடிகின்றன. எட்டுபவை பெரும்பாலும் வேகமானவை, அவை அதற்கு முன்பே வந்துவிடும்.

வளர்ச்சி மட்டும் தெரிந்தால் எதிர்காலக் காடு தெரியாது. இறப்பும், அளவெல்லைக்குள் (அளக்கத் தொடங்கும் குறைந்தபட்ச விட்டத்துக்குள்) புதிதாக நுழையும் இளமரங்களும் வேண்டும். மூன்றையும் விட்ட வகுப்புவாரியாக நகர்த்த, 1966இல் சூழலியலாளர் அஷர் முன்வைத்த அணி முறை (ஒவ்வொரு வகுப்பிலும் தங்குவோர், மேலேறுவோர் விகிதங்களின் அட்டவணையால் மர எண்ணிக்கையைப் பெருக்குவது) எளிய வழி. ஒரு விரிதாளே போதும்.

சோதிக்க, தனி மரங்களை அல்ல, முழுத் திடல்களை ஒதுக்கி வையுங்கள். ஒரே திடலின் மரங்கள் ஒன்றின் நிலையை இன்னொன்று பகிர்ந்துகொள்கின்றன. பிறகு வெட்டே இல்லாமல் கணக்கை 100 ஆண்டு ஓட்டிப் பாருங்கள். ஹெக்டேருக்கான மொத்தக் குறுக்குவெட்டுப் பரப்பு ஓரிடத்தில் நிலைகொள்ளாமல் ஏறிக்கொண்டே போனால், இறப்பு வீதத்தையும் போட்டியின் குணகத்தையும் மறுபடி பொருத்தாமல் வெட்டளவை நிர்ணயிக்காதீர்கள்.